மனிதன் எம்மாத்திரம் என்பவர்களுக்கு

"பூமிக்கு வயது 450 கோடி ஆண்டு. அது பார்க்காத பனியுகமா, பார்க்காத வெயிலா? இயற்கைக்கு முன்னால் மனிதன் எம்மாத்திரம்? காற்றில் கரியமில வாயு இருப்பதே 0.04 சதவீதம். அதுவா உலகத்தைச் சூடாக்கப்போகிறது?" புவி சூடாவது பற்றிப் பேச்சு எழுந்தால் இவற்றில் ஒன்றாவது வந்து விழாமல் இருப்பதில்லை. சொல்பவர்கள் எழுத்து வாசனை அறியாதவர்களும் இல்லை. பொறியாளர்கள் சொல்கிறார்கள், மருத்துவர்கள் சொல்கிறார்கள், அறிவியல் பட்டம் வாங்கியவர்கள் சொல்கிறார்கள். கேட்பவர்களும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கருத்துக்கு இவ்வளவு செல்வாக்கு கிடைத்ததற்குக் காரணம் அதன் தோரணை. அது பணிவைப்போல ஒலிக்கிறது. இயற்கையைப் பெரிதாகவும் தன்னைச் சிறிதாகவும் வைத்துப் பேசுகிறவரை யார் எதிர்த்துப் பேசுவது? எதிர்ப்பவன்தான் அகங்காரியாகத் தெரிவான். ஆனால் அதன் அடியில் இருப்பது ஒரே ஒரு நம்பிக்கை: அளவில் சிறியது விளைவிலும் சிறியதாகத்தான் இருக்கும் என்பது. வாயு சிறிது, மனிதன் சிறியவன், ஒரு டிகிரி சிறிது. இது அறிவியல் கேள்வி. ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். அளந்தும் பார்த்துவிட்டார்கள், 160 ஆண்டுகளுக்கு மேலாக.

0.04 சதவீதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிரை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, இவை இரண்டும் தடுப்பதே இல்லை. ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த மூலக்கூறு அந்தக் கதிரை உள்வாங்கும்படி அதிர்வதில்லை. கரியமில வாயுவில் நடுவில் ஒரு கார்பன், இருபுறமும் ஒவ்வொரு ஆக்சிஜன். அது வளைந்து நிமிர்ந்து அதிரும்போது 15 மைக்ரான் அலைநீளக் கதிரைப் பிடித்துக்கொள்கிறது. பூமியின் தரை மிகுதியாக உமிழ்வது அந்த அலைநீளத்தை ஒட்டித்தான். ஆகவே வெப்பத்தைப் பொறுத்தவரை அந்த 99 சதவீதம் இருந்தும் இல்லாதது போலத்தான். கணக்கில் வருவது மிச்சமிருப்பதுதான்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று சதவீதத்தை விட்டு எடையில் பாருங்கள். தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலேயும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. அதில் கரியமில வாயு மட்டும் ஏறக்குறைய ஆறரை கிலோ. ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றின் மொட்டைமாடிக்கு நேர் மேலே 600 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 200 கிலோ, தொழிற்புரட்சிக்குப் பின் மனிதர்கள் சேர்த்தது. அந்த வாயுவை மட்டும் தனியே பிரித்துத் தரைக்கு இறக்கி, கடல்மட்டக் காற்றழுத்தத்தில் பரப்பினால் மூன்று மீட்டருக்கு மேல் உயரம் நிற்கும். ஓசோனையும் அதே போல இறக்கிப் பரப்பினால் வருவது வெறும் 3 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டர்தான் சூரியனின் கொடிய புற ஊதாக் கதிரிலிருந்து நம் கண்ணையும் தோலையும் காக்கிறது. அதைச் சிறிதென்று யாரும் ஒதுக்குவதில்லை. அதைவிட ஆயிரம் மடங்கு கூடுதலாக இருக்கும் வாயுவை மட்டும் சிறிது என்பது எந்தக் கணக்கு?

இது ஏட்டுக் கணக்கில் மட்டும் நிற்கும் விஷயமும் இல்லை. 1856இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, வெப்பமானி செருகி வெயிலில் வைத்தார். கரியமில வாயு நிரம்பிய உருளையே மிகுதியாகச் சூடேறியது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அது ஆற நெடுநேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு ஒரு காலத்தில் கூடுதலாக இருந்திருந்தால் உலகமும் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால் அதைத் துல்லியமாக அளக்கும் கருவியைக் கட்டினார். நீண்ட குழாய் ஒன்று. அதன் இரு வாயும் தெளிந்த பாறை உப்புத் தகடுகளால் மூடப்பட்டிருக்கும். கண்ணாடி வைத்தால் அதுவே வெப்பக் கதிரைத் தடுத்துவிடும், உப்பு தடுக்காது. ஒரு முனையில் கொதிநீர் நிரம்பிய பெட்டி. மறுமுனையில் வெப்பத்தை மின்னோட்டமாக மாற்றும் உணர்கருவி, அதன் மறுபுறம் ஈடுகட்ட இன்னொரு வெப்பமூலம். இரண்டையும் சமன் செய்து முள்ளைச் சுழியத்தில் நிறுத்திவிட்டு, வெறுமையாக்கிய குழாய்க்குள் வாயுவைச் செலுத்துவார். உலர்ந்த, தூய காற்று போனால் முள் அசைவதே அரிது. கரியமில வாயு போனால் விலகும். நீராவி போனால் விலகும். தெருவிளக்குக்குப் பயன்பட்ட நிலக்கரி வாயு போனால் வெகுவாக விலகும். கண்ணுக்கே புலப்படாத வாயு, வெப்பக் கதிருக்குச் சுவராக நிற்பதை அந்த முள் காட்டியது.

குழாய்க்குள் நடப்பது வானத்தில் நடக்காது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கொரு காரணம் வேண்டும். வானம் சொல்வதோ நேர்மாறு. சூரியனிடமிருந்து வந்து சேரும் ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உண்மையில் அது 15 டிகிரிக்கு அருகில். இடையிலுள்ள 33 டிகிரியைத் தருவது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலிய இந்தச் 'சிறிய' வாயுக்கள்தான். தரை உமிழும் கதிரை அவை உள்வாங்கி எல்லாத் திசைகளிலும் திரும்ப உமிழ்கின்றன. ஒரு பகுதி தரைக்கே வந்து சேர்கிறது. வெள்ளிக் கோளைப் பாருங்கள். அதன் மேகங்கள் சூரிய ஒளியில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், சூரியனுக்கு நம்மைவிட அருகில் இருந்தும் நம்மைவிடக் குறைவான ஒளியையே அது உள்வாங்குகிறது. ஆனால் அதன் தரையில் 460 டிகிரி. அதன் அடர்ந்த காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு.

இந்த இடத்தில், விவரமறிந்த எதிராளி ஒருவர் எழுந்து வேறொரு கேள்வி கேட்பார். அது நல்ல கேள்வி. 0.04 வாதம்போல அதை எளிதில் தள்ளிவிட முடியாது. "இருக்கும் கரியமில வாயுவே அந்த 15 மைக்ரான் கதிரை முழுதும் உறிஞ்சிவிடுகிறது. இன்னும் சேர்த்தால் உறிஞ்ச என்ன மிச்சம் இருக்கிறது?" 1900ஆம் ஆண்டு சுவீடனின் க்னூட் ஆங்ஸ்ட்ரோம் எழுப்பிய ஆட்சேபம் இது. அதற்கு நான்காண்டு முன்னர், 1896இல், அவருடைய நாட்டுக்காரரான ஸ்வாந்தே அரீனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் உலகம் 5, 6 டிகிரி சூடேறும் என்று கையாலேயே கணக்குப் போட்டு வெளியிட்டிருந்தார். ஆங்ஸ்ட்ரோமின் உதவியாளர் வாயு அடைத்த குழாயில் வாயுவின் அளவைக் குறைத்துப் பார்த்தார்; உறிஞ்சும் அளவு பெரிதாக மாறவில்லை. அதோடு பெரும்பாலான அறிஞர்கள் அரீனியஸைக் கைவிட்டார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த ஆட்சேபமே வென்று நின்றது. ஆகவே, விஞ்ஞானிகள் எதிர்க்கேள்வியைக் காது கொடுத்தே கேட்பதில்லை என்ற புகார் இந்த வரலாற்றுக்குப் பொருந்தாது. காது கொடுத்தார்கள், அளவுக்கு மீறியே கொடுத்தார்கள்.

ஆங்ஸ்ட்ரோம் காற்று மண்டலத்தை ஒரே குழாயாக எண்ணினார். அது அடுக்கடுக்கானது. தரையிலிருந்து கிளம்பும் கதிர் ஒரே தாவலில் விண்வெளிக்குப் போவதில்லை. ஓர் அடுக்கு உள்வாங்கி உமிழ, அடுத்த அடுக்கு உள்வாங்கி உமிழ, மேலே மேலே கைமாறிப் போய், கடைசியில் வாயு மெலிந்து தடுக்க ஆளில்லாத உயரத்திலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகிறது. பூமி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி உயரத்தின் குளிர்தான். கரியமில வாயுவைக் கூட்டினால், முன்பு மெலிந்திருந்த உயரமும் அடர்த்தியாகிறது. கதிர் தப்பும் இடம் இன்னும் மேலே போகிறது. வானிலை நிகழும் கீழ் மண்டலத்தில் மேலே போகப் போகக் குளிர். குளிர்ந்த வாயு குறைவாகத்தான் உமிழும். வரவேண்டிய வெயில் குறையாமல் வந்துகொண்டிருக்க, போகவேண்டிய வெப்பம் குறைந்துவிடுகிறது. இரண்டும் மறுபடி சமமாகும்வரை கீழே உள்ள அனைத்தும் சூடேறியாக வேண்டும். கீழே கதிர் முழுதும் உறிஞ்சப்பட்டுவிட்டதா இல்லையா என்பது இதில் கேள்வியே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்துக்காக அகச்சிவப்புக் கதிர் ஆராய்ச்சி பெருகியது. விமான எஞ்சினின் வெப்பத்தை மோப்பம் பிடித்துப் பாயும் ஏவுகணைக்குக் காற்று எந்தக் கதிரைத் தடுக்கும், எதை விடும் என்பது தெரிய வேண்டும். அந்தப் புதிய அளவீடுகளோடும் கணினியோடும் 1950களில் கில்பர்ட் பிளாஸ் கணக்கை மறுபடி போட்டபோது, ஆங்ஸ்ட்ரோமின் ஆட்சேபம் நிற்கவில்லை. இன்று அதற்குக் கணக்குகூட வேண்டாம். 1970இல் நிம்பஸ்-4 செயற்கைக்கோள் விண்ணிலிருந்து பூமியின் வெப்பக் கதிரைப் பதிவு செய்தது. 1996இல் ஏவப்பட்ட ஜப்பானியச் செயற்கைக்கோள் ஒன்றும் பதிவு செய்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது, கரியமில வாயுவும் மீத்தேனும் உறிஞ்சும் அலைநீளங்களில்தான் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. தரையிலிருந்து மேலே நோக்கிய கருவிகளும், 2000 முதல் 2010 வரை அலாஸ்காவிலும் ஓக்லஹோமாவிலும், கரியமில வாயுவால் கீழே திரும்பிவரும் வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதை நேரடியாகவே அளந்தன.

நீராவிதானே பெரிய பசுமைக்குடில் வாயு என்பார்கள். ஆம், பெரியதுதான். ஆனால் காற்றில் சேரும் நீராவி பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். எவ்வளவு தங்கலாம் என்பதைக் காற்றின் வெப்பமே முடிவு செய்கிறது: ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். கரியமில வாயு முதலில் சூடாக்க, நீராவி அதன் பின்னால் வந்து அந்தச் சூட்டைப் பெருக்குகிறது. இந்த வாதம் ஆபத்தைக் குறைத்துக் காட்டப் புறப்பட்டு, கூட்டிக் காட்டுவதில் போய் முடிகிறது.

இனி, மனிதன் எம்மாத்திரம் என்ற கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வாழ்நாளைக் கொடுத்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். காற்றை அகற்றிய கண்ணாடிக் குடுவையைத் திறந்தவெளிக்கு எடுத்துப்போய், தன் மூச்சில் உள்ள கரியமில வாயு கலந்துவிடக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு, குமிழைத் திறந்து காற்றைப் பிடித்து மூடுவார். அந்த நுணுக்கத்தோடுதான் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவீடு தொடங்கியது. அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 280. அண்டார்டிகப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் ஒருபோதும் அது 300ஐ ஒட்டிய அளவைத் தாண்டியதில்லை.

"எரிமலைகள் கக்குவதை விடவா?" ஆம், அதைவிடத்தான். நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவில் வெளியிடுகிறோம். உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வெளியிடுவது அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்தபோது உலகம் சூடாகவில்லை. அது வீசிய கந்தகத் துகள் வெயிலை மறைத்ததால் இரண்டாண்டு காலம் ஏறக்குறைய அரை டிகிரி குளிர்ந்தது. இப்படிக் குளிரும் என்று காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் குழுவினர் முன்கூட்டியே கணித்துச் சொன்னதும் பலித்தது. அதே இயற்பியலைக் கொண்டுதான் வெப்பமடைதலையும் கணிக்கிறார்கள்.

"கடலும் காடும் மூச்சுவிடுவதில் நம்முடையது இருபதில் ஒரு பங்குதானே?" எண் சரி, முடிவு தவறு. வரவும் செலவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒத்துப்போய்க்கொண்டிருந்த ஒரு வீட்டுக் கணக்கில், மாதந்தோறும் புதிதாக ஒரு தொகை மட்டும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் இருப்பு ஏறத்தான் செய்யும். பழைய வரவு எவ்வளவு பெரியது என்பது அதை மாற்றாது. நாம் வெளியிடுவதெல்லாம் காற்றிலேயே தங்கியிருந்தால் பத்து லட்சத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 பங்கு கூடியிருக்க வேண்டும். கூடுவதோ இரண்டரைக்கு அருகில். அதாவது இயற்கை தன் பங்குக்கு எதையும் கூட்டவில்லை. நாம் போட்டதில் பாதியைக் கடலும் காடும் எடுத்துக்கொள்கின்றன, அதனால் கடல் அமிலத்தன்மை கூடி வருகிறது. காற்றில் சேர்ந்த கார்பனிலும் நம் கைரேகை இருக்கிறது. பழைய நிலக்கரியில் கார்பன்-14 கிடையாது, கார்பன்-13 குறைவு; காற்றிலும் இந்த இரண்டின் பங்கும் அதற்கேற்பக் குறைந்து வந்தன. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் ஆக்சிஜனை அளந்தார், அது குறைகிறது. மூச்சுக்குத் தட்டுப்பாடு வரும் அளவுக்கு இல்லை. ஆனால் எதையோ எரித்தால் எவ்வளவு குறையுமோ அப்படிக் குறைகிறது. எரிமலை வாயு வெளிவர ஆக்சிஜன் செலவாவதில்லை. இந்தச் சான்றுகளை எல்லாம் பார்த்த பிறகும் மனிதன் எம்மாத்திரம் என்று கேட்பவர், பணிவின் பெயரால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

எண்ணெய் விற்றவர்களே அப்படி நம்பவில்லை. 1977இல் எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், கரியமில வாயுவால் உலகம் சூடாகும் என்று அதன் மேலதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். அந்நிறுவன விஞ்ஞானிகள் அடுத்த ஆண்டுகளில் செய்த கணிப்புகள் பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி என்றன. பின்னர் நடந்தது பெரும்பாலும் அதுவே. ஆனால் அந்த நிறுவனம் செய்தித்தாள்களில் பணம் கட்டி இடம் வாங்கி, அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்று வெளியில் எழுதிக்கொண்டிருந்தது. நம் ஊர்த் திண்ணையில் இன்று பணிவாக ஒலிக்கும் சந்தேகத்தில் பெரும்பகுதி அங்கே பணம் கொடுத்து விதைக்கப்பட்டது. இதை நினைக்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

சூரியன் காரணமா? 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனின் வெளியீட்டை இடைவிடாமல் அளக்கின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, மொத்தத்தில் கூடவில்லை. இன்னொரு சான்று இதைவிட வலுவானது. வெயில் கூடியிருந்தால் காற்று மண்டலம் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்கும். கரியமில வாயு காரணமென்றால் கீழடுக்கு சூடாக, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர வேண்டும். இதை 1967இலேயே சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்கிட்டு எழுதினார்கள். அப்போது அதைச் சரிபார்க்கச் செயற்கைக்கோள் அளவீடு இல்லை. அளவீடு வந்தது, குளிர்ந்திருக்கிறது. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக, "பனியுகம் வந்து போகவில்லையா? ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி ஒரு விஷயமா?" வந்தது, போனது. காரணமும் தெரியும்: பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் பல பத்தாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுகின்றன. அந்தச் சிறு தூண்டலில் கடல் கரியமில வாயுவை வெளியிட, அது சூட்டைப் பெருக்கி, பனி உருகியது. கடைசிப் பனியுகம் முடியும்போது அந்த வாயு பத்து லட்சத்தில் 80 பங்கு அளவு ஏற ஏறக்குறைய 7,000 ஆண்டு பிடித்தது. மௌனா லோவாவில் அளவீடு தொடங்கியபின் நாம் ஏற்றியது 100க்கு மேல், எழுபது ஆண்டுகூட ஆகவில்லை. முன்பும் காலநிலை மாறியது என்பது, இன்று மாற்றுவது நாம் அல்ல என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்? காலநிலை எவ்வளவு எளிதில் தள்ளாடும் என்பதற்குத்தான் அது சாட்சி.

அந்தப் பனியுகத்தின் உச்சத்தில் உலகச் சராசரி நம் காலத்தைவிட 5 முதல் 7 டிகிரிதான் குறைவு. ஒரே நாளில் காலைக்கும் மதியத்துக்கும் இடையில் நாம் பார்க்கும் வித்தியாசம் அது. ஆனால் அந்தச் சில டிகிரியில் ஏறக்குறைய கனடா முழுவதும் கிலோமீட்டர் கணக்கில் பனிக்கட்டி கிடந்தது. கடல் 120 மீட்டர் தாழ்ந்து, ஆழம் குறைந்த பாக் நீரிணை தரையாகக் கிடந்தது. தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். உலகச் சராசரியில் ஒரு டிகிரி என்பதன் எடை இது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட 1.1 டிகிரி சூடு. 2024 ஒன்றரையைத் தாண்டிய முதல் ஆண்டு.

இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது இந்தப் பேச்சு வழக்கமாக வந்து நிற்கும் இடம். சரிசெய்துகொள்ளும். எப்படி என்பதும் தெரியும்: முதலில் கடல் உள்வாங்கும், பிறகு மழைநீரில் கரைந்த கரியமில வாயு பாறைகளை அரித்து, கடலடியில் சுண்ணாம்பாகப் படியும். இன்று எரிக்கும் நிலக்கரியின் வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் காற்றில் நிற்கும். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இதேபோல் பெருமளவு கார்பன் காற்றில் கலந்து உலகம் 5, 6 டிகிரி சூடேறியது. இயற்கை அதையும் சரிசெய்தது. பழைய நிலைக்குத் திரும்ப அதற்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. மனிதன் முதல் பயிரை விதைத்து இன்றுவரை ஆகியிருப்பது சுமார் 12,000 ஆண்டு.